டன்ஜன் க்ரால் ஸ்டோன் சூப்: புதிதாக இறங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்த கேமை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் இரண்டே நாளில் ஒரு சந்தேகம் வரும். அடுத்த வாரம் இன்னொருவர் அதே சந்தேகத்தோடு வருவார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

விசைகளின் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறேன். 'ஓ' என்று இருந்தால் கீபோர்டில் அந்த ஆங்கில எழுத்து. 'பெரிய எக்ஸ்' என்று இருந்தால் ஷிஃப்டோடு சேர்த்து அழுத்த வேண்டும்.

முதல்ல இது என்ன கேம்? காசு கட்டணுமா?

பாதாளக் கோட்டை ஒன்றுக்குள் தனியாக இறங்குகிறீர்கள். ஆழத்தில் 'ஸாட்டின் கோளம்' என்று ஒரு பொருள் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே ஏறி வெளியே வந்துவிட்டால் வெற்றி. ஒவ்வொரு ஆட்டத்திலும் கோட்டையின் வரைபடமும் அதில் கிடக்கும் பொருட்களும் புதிதாக உருவாகும்.

காசு எதுவும் கிடையாது. லின்லி ஹென்ஸெல் என்பவர் 1990-களில் எழுதிய கேம் இது. 2006-லிருந்து தன்னார்வலர்கள் கூடி 'ஸ்டோன் சூப்' என்ற பெயரில் வளர்த்து வருகிறார்கள். மூல நிரலும் திறந்தே இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும். நிறுவ விருப்பமில்லை என்றால் பிரவுசரிலேயே ஆடலாம். பழைய லேப்டாப்பே போதும்.

சதுரம் சதுரமா நகருது, பார்க்கப் பழசா இருக்கு. இதுல என்ன இருக்குன்னு இவ்ளோ பேர் ஆடறாங்க?

இது முறை வைத்து ஆடும் கேம். நீங்கள் ஓர் அடி எடுத்து வைத்தால்தான் எதிரியும் ஓர் அடி எடுத்து வைப்பான். நீங்கள் விசையை அழுத்தாதவரை உலகம் அப்படியே நிற்கும். சாவு விளிம்பில் இருக்கும்போது கூட எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து யோசிக்கலாம்.

கீழே நான் எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில்தான் போய் முடியும். கைவேகம் இங்கே எதற்கும் உதவாது. நான் பார்த்த சாவுகளில் பெரும்பாலானவை, யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்தும் யோசிக்காமல் விசையை அழுத்தியதால் வந்தவை.

செத்தா முதல்லேர்ந்தா? சேவ் பண்ணவே முடியாதா?

சேவ் உண்டு, ஆனால் அது பாதியில் நிறுத்திவிட்டு நாளைக்குத் தொடர்வதற்காக மட்டும். கேரக்டர் செத்துவிட்டால் சேவும் அதோடு போய்விடும். அடுத்தது புதுக் கேரக்டர், புதுக் கோட்டை.

சொந்தக் கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் சேவ் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொள்ள முடியும். வேண்டாம் என்றுதான் சொல்வேன். திரும்ப வரலாம் என்று தெரிந்தால் தப்பிக்கும் வழியைத் தேடும் பழக்கமே வராது, அந்தத் தேடல்தான் இந்த கேமில் கற்றுக்கொள்ள வேண்டியது. அதற்குப் பதிலாக, செத்ததும் கேம் 'மார்க்' (morgue) என்ற ஃபோல்டரில் ஓர் எழுத்துக் கோப்பை எழுதி வைக்கும். கடைசி நேரத்துச் செய்திகள், சுற்றி நின்ற எதிரிகள், பையில் மிச்சமிருந்த பொருட்கள் எல்லாம் அதில் இருக்கும். அடுத்த ஆட்டத்தைத் தொடங்கும் முன் அந்தக் கோப்பை ஐந்து நிமிடம் படியுங்கள்.

அத்தனை இனம், அத்தனை தொழில். தலை சுத்துது. நான் எதை எடுக்கறது?

மினோட்டார் இனம், பெர்சர்க்கர் தொழில். முதல் பத்து ஆட்டத்துக்கு வேறு எதையும் தொடாதீர்கள். மினோட்டாருக்கு எல்லா ஆயுதமும் நன்றாக வரும், உடம்பும் வலு, அடிக்கும் எதிரியைக் கொம்பால் திருப்பி முட்டவும் செய்யும். பெர்சர்க்கர் தொடக்கத்திலிருந்தே டிராக் என்ற கடவுளின் பக்தன். அந்தக் கடவுள் தரும் வெறி, ஆரம்பத் தளங்களில் நீங்கள் செய்யும் பல தவறுகளை மன்னித்துவிடும்.

'சுலபமானதை எடுத்தால் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டேனே' என்று சிலர் தயங்குகிறார்கள். நேர்மாறாகத்தான் நடக்கும். பலவீனமான கேரக்டரை எடுத்தால் முதல் மூன்று தளங்களையே நாற்பது தடவை பார்ப்பீர்கள். மினோட்டாரை எடுத்தால் கோட்டையின் நடுப்பகுதிவரை போய், என்னென்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வருவீர்கள்.

தொடக்கத்துல ஆயுதம் கேக்குதே, எது நல்லது?

கோடாலி. பக்கத்தில் சூழ்ந்து நிற்கும் எல்லோர் மேலும் ஒரே வீச்சில் வெட்டு விழும். கதாயுதமும் நல்ல தேர்வுதான். ஈட்டி ஒரு சதுரம் தள்ளி நிற்பவரையும் எட்டிக் குத்தும். குட்டைக் கத்தி, தூங்கும் எதிரியைச் சத்தமில்லாமல் குத்துபவர்களுக்கானது, மினோட்டாருக்கு அது பொருந்தாது. எதை எடுத்தாலும் பிறகு அந்த வகையிலேயே இருங்கள். காரணத்தை ஸ்கில் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

இத்தனை விசையை எப்படி ஞாபகம் வெச்சுக்கறது?

எல்லாம் வேண்டாம். 'ஓ' அழுத்தினால் கேரக்டர் தானாகவே தளத்தைச் சுற்றிப் பார்க்கும், போகிற வழியில் உபயோகமான பொருட்களை எடுத்துக்கொள்ளும், எதிரி கண்ணில் பட்டதும் நின்றுவிடும். 'டேப்' அருகில் இருக்கும் எதிரியை நெருங்கிப் போய் அடிக்கும். '5' ஓய்வு. '>' கீழே இறங்க, '<' மேலே ஏற. இந்த ஐந்தில் முதல் நாள் ஓடிவிடும்.

அப்புறம் 'க்யூ' போஷன் (மந்திர மருந்து) குடிக்க, 'ஆர்' ஸ்க்ரோல் (மந்திரச் சுருள்) படிக்க, 'ஏ' கடவுள் தந்த சக்தியைப் பயன்படுத்த, 'எக்ஸ்' கண்ணில் படுவதை ஆராய. 'பெரிய எக்ஸ்' தளத்தின் வரைபடத்தைத் திறக்கும். அதில் '<' அழுத்தினால் குறி படிக்கட்டுக்குப் போகும், என்டர் தட்டினால் கேரக்டர் அங்கே நடந்து போய்விடும். மற்றதெல்லாம் '?' அழுத்தினால் பட்டியலாக வரும். முதல் மெனுவில் டுடோரியல் இருக்கிறது, அதையும் ஒருமுறை முடித்துவிடுங்கள்.

அப்போ 'ஓ', 'டேப்', 'ஓ', 'டேப்'னு மாத்தி மாத்தி அழுத்திட்டே போனா போதும்தானே?

இரண்டு மூன்று தளம் போதும். அதனால்தான் இந்தப் பழக்கம் ஆபத்தானது. விரல் ஒரு தாளத்துக்குப் பழகிவிடுகிறது. எலி, வௌவால், பல்லி எல்லாம் அந்தத் தாளத்திலேயே செத்துப் போகின்றன. நான்காவது தளத்தில் ஓகர் ஒன்று மூலையிலிருந்து வரும். 'ஓ' நின்றுவிடும், ஆனால் விரல் நிற்காமல் 'டேப்' அடிக்கும். ஓகரின் ஓர் அடியில் பாதி ஹெச்பி (உயிர்ப் புள்ளிகள்) போகும். இன்னும் இரண்டு 'டேப்' அடித்த பிறகுதான் திரையைப் பார்ப்பீர்கள்.

ஹெச்பி மிகவும் குறைந்துவிட்டால் 'டேப்' வேலை செய்ய மறுத்து ஓர் எச்சரிக்கை தரும். அந்தச் செய்தி வந்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுங்கள். சிலர் உடனே அம்புக்குறி விசைக்கு மாறி அடியைத் தொடர்கிறார்கள். சண்டையை நிறுத்தச் சொல்லி கேமே கேட்கும் ஒரே இடம் அது.

ஒரு மான்ஸ்டர் என்னால சமாளிக்கக் கூடியதா இல்லையானு எப்படித் தெரியும்?

'எக்ஸ்' அழுத்தி, எதிரி மேல் குறியை வைத்து, 'வி' அழுத்துங்கள். அதன் வேகம், அது எவ்வளவு பலமாக அடிக்கும், உங்கள் அடி அதன் மேல் விழ எவ்வளவு வாய்ப்பு, மொத்தத்தில் அது உங்களுக்கு எவ்வளவு ஆபத்து என்று எல்லாம் எழுதியிருக்கும். இதைப் பார்ப்பதற்கு ஒரு முறைகூடச் செலவாகாது, எதிரி நின்ற இடத்திலேயே நிற்பான்.

ஒரு பெயரை முதல்முறை பார்த்தால் 'எக்ஸ்', 'வி' என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எதிரியின் கையில் என்ன ஆயுதம் இருக்கிறது என்பதையும் அங்கேயே பாருங்கள். வெறும் தடியோடு வரும் ஓர்க்குக்கும், தீப்பிழம்பு எரியும் வாளோடு வரும் ஓர்க்குக்கும் பெயர் ஒன்றுதான், அடி ஒன்றல்ல.

ஒருத்தன்னா சமாளிக்கிறேன். கூட்டமா வந்தா சுத்தி நின்னு முடிச்சிடறாங்க. என்ன பண்றது?

திறந்த வெளியில் நின்றால் உங்களைச் சுற்றி எட்டுச் சதுரம், எட்டுப் பேர் அடிக்கலாம். குறுகலான வழிக்குள் ஒரு சதுரம் உள்ளே தள்ளி நின்றால் ஒருவர்தான் அடிக்க முடியும். கூட்டத்தைப் பார்த்ததும் முன்னே போகாமல், வந்த வழியே பின்வாங்கி அந்தக் குறுகலுக்குள் போய் நில்லுங்கள். எதிரியே உங்களைத் தேடி வருவான்.

இதைவிட நல்ல இடம் படிக்கட்டு. படி ஏறும்போது உங்களை ஒட்டி நிற்கும் எதிரிகள் மட்டும்தான் கூடவே வருவார்கள். ஒரு உதாரணம். ஐந்து நோல்கள் வருகின்றன என்று வையுங்கள், கையில் ஈட்டியும் வேலும். நீங்கள் மேலே போகும் படியில் நிற்கிறீர்கள். முதல் நோல் உங்களைத் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டது, மற்ற நான்கும் இரண்டு சதுரம் பின்னால். இப்போது '<'. மேல்தளத்தில் நீங்களும் அந்த ஒரு நோலும் மட்டும். அதைக் கொன்று, '5' அழுத்தி ஹெச்பி முழுதாக நிரம்பியதும் கீழே இறங்குங்கள். அடுத்த ஒன்று ஒட்டி வரும்வரை காத்திருந்து மறுபடி ஏறுங்கள். ஐந்து பேரோடு ஒரு சண்டை, ஒருவரோடு ஐந்து சண்டையாக மாறிவிட்டது.

இதைச் செய்யத் தவறுபவர்கள் பெரும்பாலும் ஒரு சதுரத்தில்தான் தவறுகிறார்கள். மூன்று பேர் ஒட்டி நிற்கும்போது ஏறினால் மூன்று பேரும் மேலே வருவார்கள். ஒருவர் மட்டும் ஒட்டியிருக்கும் அந்தக் கணம்தான் ஏற வேண்டிய கணம். புதிய தளத்தில் இறங்கியதும் உடனே படியைவிட்டு விலகாமல் ஒரு பார்வை பார்ப்பதும் இதற்காகத்தான்.

ஓடிப் பார்த்தேன். ஓட ஓடப் பின்னாலேயே வந்து அடிக்கறாங்களே?

பல எதிரிகளுக்கு உங்கள் வேகம்தான். நரிக்கும் ஆடர் பாம்புக்கும் உங்களைவிட வேகம் அதிகம். அவற்றிடமிருந்து ஓடினால் திருப்பி அடிக்காமல் அடி வாங்கிக்கொண்டிருப்பீர்கள், அவ்வளவுதான். வேகம் என்ன என்பதை 'எக்ஸ்', 'வி' சொல்லிவிடும். உங்களைவிட வேகமானதோடு நல்ல இடம் பார்த்து நின்று சண்டை போடுங்கள். மெதுவானதிடமிருந்து நடந்தே தப்பலாம்.

சம வேகம் என்றால், தூரம் இருக்கும்போதே ஓடத் தொடங்க வேண்டும். ஹெச்பி பாதியானதும் ஓட முடிவெடுங்கள். கால்வாசி ஆன பிறகு எடுக்கும் முடிவுக்கு நேரம் போதாது. அப்போதும் வழியில்லை என்றால் ஸ்க்ரோல் இருக்கிறது, அதற்கு மூன்று கேள்வி தள்ளி வாருங்கள்.

சிக்மண்ட்னு ஒருத்தன் வந்தான். கண்ணுக்கே தெரியாம அடிச்சுக் கொன்னுட்டான். ஏமாத்து வேலை இல்லையா இது?

ஏமாற்று இல்லை. அவனைச் சந்திக்காமல் யாரும் இந்த கேமைக் கற்றதில்லை என்றே சொல்லலாம். பெயரோடு வரும் தனி எதிரிகளில் அவன் ஒருவன். ஆரம்பத் தளங்களிலேயே வருவான். கையில் பெரிய அரிவாள், அதன் ஒரு வெட்டு புதுக் கேரக்டரை ஏறக்குறைய முடித்துவிடும். அதோடு மறையும் மந்திரம், உங்களைக் குழப்பத்தில் தடுமாற வைக்கும் மந்திரம், நெருப்பு வீசும் மந்திரம் மூன்றும் தெரியும்.

பெர்சர்க்கராக இருந்தால் அவன் பக்கத்தில் வந்ததும் வெறியைத் தொடங்கி அடியுங்கள். ஏற்கெனவே ஹெச்பி குறைந்திருந்தால் படிக்கட்டுதான். அவன் ஒட்டி நிற்காதபோது ஏறிவிட்டு, அந்தத் தளத்தின் வேறு படி வழியாக இறங்குங்கள். முதன்மைக் கோட்டையில் பொதுவாக ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்கு மூன்று படிகள் இருக்கும். அவனை விட்டுவிட்டு ஆழம் போய், நான்கு லெவல் ஏறிய பிறகு திரும்பி வந்து கணக்கைத் தீர்க்கலாம். எந்த எதிரியையும் கொன்றே ஆக வேண்டும் என்று இந்த கேம் உங்களிடம் கேட்பதில்லை.

பேர் தெரியாத போஷன், ஸ்க்ரோல் எல்லாம் பையில சேருது. குடிச்சுப் பார்க்கலாமா, பயமா இருக்கு.

குடியுங்கள், படியுங்கள். எது என்ன என்று தெரியாத பொருள், அவசரத்தில் உங்களுக்கு இல்லாத பொருளுக்குச் சமம். ஆனால் நேரம் பார்த்துச் செய்யுங்கள்: சுற்றிப் பார்த்து முடித்த தளம், எதிரி யாரும் கண்ணில் இல்லை, ஹெச்பி முழுதாக இருக்கிறது, மேலே போகும் படியில் நிற்கிறீர்கள். இப்படி இருந்தால் சத்தமெழுப்பும் ஸ்க்ரோல் வந்தாலும் படியேறிவிடலாம். ஒரு போஷன் உங்களைச் சிறிது நேரம் மரமாகவே மாற்றிவிடும், நகர முடியாது. காலித் தளத்தில் மரமாக நின்றால் ஒன்றும் ஆகாது, ஓகர் முன்னால் மரமானால் கதை வேறு.

ஒரே வகையில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதை முதலில் பாருங்கள். அடிக்கடி கிடைப்பவை பெரும்பாலும் உபயோகமானவை.

நல்ல பொருளையெல்லாம் பின்னாடி பெரிய எதிரிக்காகச் சேர்த்து வெச்சிருக்கேன். சரிதானே?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன். புதிதாக ஆடுபவர் ஒருவரின் மார்க் கோப்பைத் திறந்து பையில் மிச்சமிருந்ததைப் பாருங்கள். குணமாக்கும் போஷன் நான்கு, இடம்பெயரும் ஸ்க்ரோல் இரண்டு, வேகம் தரும் போஷன் ஒன்று. கேரக்டர் செத்தது ஆறாவது தளத்தில், ஒரு ஓர்க் கூட்டத்திடம். என்னுடைய முதல் வருடக் கோப்புகள் எல்லாமே இப்படித்தான் இருக்கும். அந்த ஏழில் எந்த ஒன்றைச் சரியான நேரத்தில் எடுத்திருந்தாலும் ஆட்டம் தொடர்ந்திருக்கும்.

அந்தப் 'பெரிய எதிரி' இப்போது உங்களைக் கொல்லப் போகிறவன்தான். இரண்டு ஸ்க்ரோல்களின் வித்தியாசத்தை மட்டும் நினைவில் வையுங்கள். 'டெலிபோர்ட்டேஷன்' உடனே வேலை செய்யாது, சில முறைகள் கழித்துத்தான் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். அதனால் அந்தச் சில முறைகளைத் தாங்குமளவு ஹெச்பி இருக்கும்போதே படிக்க வேண்டும். 'பிளிங்கிங்' அந்தக் கணமே வேலை செய்யும், நீங்கள் காட்டும் இடத்துக்கே கொண்டுபோகும், ஆனால் அரிது. மந்திரக்கோல் கிடைத்தால் அதையும் 'பெரிய வி' அழுத்திப் பயன்படுத்துங்கள், பையில் தூங்க விடாதீர்கள்.

டிராக் தர்ற வெறியை எப்போ பயன்படுத்தறது? ஒருதடவை அதாலேயே செத்தேன்.

வெறி ஏறினால் ஹெச்பி ஒன்றரை மடங்காகும், வேகம் கூடும், அடி பலமாக விழும். நேரம் முடிந்ததும் உடம்பு சோர்ந்து சற்று நேரம் மெதுவாகிவிடும், உடனே இன்னொரு முறை வெறி ஏறவும் முடியாது. செத்தது அந்தச் சோர்வில்தான் இருக்கும். எதிரி தூரத்தில் இருக்கும்போதே தொடங்கியிருப்பீர்கள், அவனிடம் நடந்து போவதிலேயே பாதி வெறி தீர்ந்திருக்கும்.

எதிரி ஒட்டி நிற்கும்போது தொடங்குங்கள். வெறி முடிவதற்குள் எல்லோரையும் முடிக்க முடியுமா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். தனியாக வரும் ஓகருக்கு அருமை, பத்து ஓர்க் வரிசையாக வரும் சண்டைக்கு வேண்டாம். வெறியில் இருக்கும்போது போஷன் குடிக்கவோ ஸ்க்ரோல் படிக்கவோ முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். டிராக்கின் அருள் வளர்ந்ததும் துணைக்கு ஆட்களை அழைக்கும் சக்தி வரும். கூட்டத்துக்கு அதுதான் சரி.

ஸ்கில் திரையில எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் போகுது. அப்படியே விடலாமா?

விட வேண்டாம். சிறிய 'எம்' அழுத்தித் திரையைத் திறந்து, தானியங்கி முறையை மாற்றி, நீங்களே தேர்ந்தெடுங்கள். கோடாலி எடுத்த மினோட்டாருக்கு கோடாலி ஸ்கில்லும் 'ஃபைட்டிங்'கும் முதலில். 'ஃபைட்டிங்' ஹெச்பியைக் கூட்டும். ஆயுத ஸ்கில் ஏற ஏற வீச்சின் வேகம் கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் கூடாது. அந்தக் கட்டம் எது என்பது ஆயுதத்தின் விவரத்திலேயே எழுதியிருக்கும். அதுவரை ஆயுதத்தை முதன்மையாக வையுங்கள். அப்புறம் கவசமும் தற்காப்பும். அனுபவம் அளவோடுதான் கிடைக்கும், அதனால்தான் ஆயுத வகையை நடுவில் மாற்றாதீர்கள் என்றேன்.

கோயில் ஒண்ணு வந்துச்சு, நிறைய பலிபீடம். வேற சாமிக்கு மாறலாமா?

அந்தக் கோயில் நான்கிலிருந்து ஏழாவது தளத்துக்குள் எங்காவது இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு கடவுள்தான். பெர்சர்க்கராக இருப்பவர் டிராக்கை விட்டுப் போனால் டிராக் கோபித்துக்கொண்டு வெகுநேரம் துரத்தித் துரத்தித் தண்டிப்பார். மாறாதீர்கள். வேறு தொழிலில், கடவுள் இல்லாமல் தொடங்கிய சண்டைக் கேரக்டராக இருந்தால் ஒகவாரு நல்ல துணை. ஆயுதமும் கவசமும் பரிசாகத் தருவார்.

பக்கக் கிளை, பக்கக் கிளைன்னு வருது. எந்த வரிசையில போகணும்?

முதன்மைக் கோட்டை 15 தளம். எட்டிலிருந்து பதினொன்றுக்குள் 'லேர்' என்ற மிருகங்களின் கிளைக்கு வாசல் இருக்கும். அது கண்ணில் பட்டதும் உள்ளே போய் முழுவதும் முடியுங்கள். முதன்மைக் கோட்டையில் நேராக இறங்குவதைவிட அங்கே அனுபவம் பத்திரமாகச் சேரும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் ஓர்க் சுரங்கத்தின் வாசல். அதை லேருக்குப் பிறகு பாருங்கள், உள்ளே கடைகளும் உண்டு.

லேருக்குள்ளிருந்து இன்னும் கிளைகள் பிரியும். சதுப்பு நிலம் அல்லது கடற்கரை, இவற்றில் ஒன்று. பாம்புக் குழி அல்லது சிலந்திக் கூடு, இவற்றில் ஒன்று. எந்த இரண்டு என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஒவ்வொன்றும் நான்கு தளம், கடைசித் தளத்தில் 'ரூன்' என்ற முத்திரைக்கல் இருக்கும். அங்கே போகும் முன் முதன்மைக் கோட்டையின் மிச்சத் தளங்களை முடித்துவிட்டுப் போவது என் வழக்கம்.

லேர்ல ஹைட்ரா தலையை வெட்ட வெட்ட முளைக்குது. கோடாலிதான் எடுக்கச் சொன்னீங்க!

ஆமாம், கோடாலிக்கு இது ஒன்றுதான் பெரிய குறை. வெட்டும் ஆயுதம் தலையை அறுக்கும், ஒரு தலை போன இடத்தில் இரண்டு முளைக்கும், தலை கூடினால் கடியும் கூடும். கதாயுதம் தலையை அறுக்காது. நெருப்பு எரியும் வெட்டு ஆயுதமாக இருந்தால் வெட்டுப்பட்ட இடம் தீய்ந்துவிடும், மறுபடி முளைக்காது. வழியில் கிடைத்த கதாயுதம் ஒன்றைப் பையில் வைத்திருங்கள், ஸ்கில் இல்லாவிட்டாலும் வெறியோடு சேர்த்து அடித்தால் பெரும்பாலும் வேலை முடியும். 'எக்ஸ்' வைத்துத் தலைகளை எண்ணிப் பாருங்கள். ஏழு எட்டு என்று இருந்தால் அந்தச் சண்டையே வேண்டாம், படிக்கட்டு இருக்கிறது.

பழைய வீடியோவுல சாப்பாடு, சாபம் பிடிச்ச பொருள்னு சொல்றாங்க. எனக்கு எதுவும் காணோமே? ரொம்ப நேரம் ஓய்வெடுத்தா தப்பா?

2021-ல் வந்த 0.26 பதிப்பிலேயே பசியும் சாப்பாடும் எடுக்கப்பட்டுவிட்டன. பொருளைக் கையில் ஒட்டிக்கொள்ள வைக்கும் பழைய சாபமும் இப்போது அந்த வடிவில் இல்லை. வழிகாட்டி எதைப் பார்த்தாலும் எந்தப் பதிப்புக்கானது என்று முதலில் கவனியுங்கள்.

பசிக்குப் பதிலாக வேறொரு கட்டுப்பாடு இருக்கிறது. ஒரே கிளையில் புதுத் தளம் எதையும் பார்க்காமல் மிகமிக நீண்ட நேரம் கழித்தால் ஸாட் (கோளத்தின் பெயரில் வரும் அதே ஸாட்) உங்களைக் கண்டுபிடித்து அதிகபட்ச ஹெச்பியைக் குறைக்கும். அந்த அவகாசம் தாராளமானது, புதுத் தளத்துக்கு இறங்கினால் மேலும் கூடும். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் '5' அழுத்தி முழுதாக ஓய்வெடுத்தாலும் அந்தப் பக்கம் போகவே மாட்டீர்கள். அரைகுறை ஹெச்பியோடு அடுத்த அறைக்குள் போவதுதான் தப்பு.

எனக்கு மந்திரவாதியா ஆடத்தான் ஆசை. எப்போ மாறலாம்?

மினோட்டாரோடு ஒருமுறை லேரை முழுதாக முடித்த பிறகு. கான்ஜுரர் தொழில் நல்ல தொடக்கம், அவருடைய முதல் மந்திரமான மாய அம்பு குறி தவறாது. ஆனால் ஹெச்பி குறைவு, மந்திர சக்தி தீர்ந்தால் கையில் ஒன்றுமில்லை. கனமான கவசம் போட்டால் மந்திரம் தோற்கும் வாய்ப்பு கூடும், அந்தச் சதவீதம் மந்திரப் பட்டியலிலேயே தெரியும். கூட்டத்துக்கும் ஓடுவதற்கும் மேலே சொன்னதெல்லாம் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் உங்களால் வாங்க முடிந்த அடி இரண்டோ மூன்றோதான்.

செத்த அதே கோட்டையிலேயே திரும்ப ஆட முடியுமா?

முடியும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 'சீட்' என்ற ஓர் எண் உண்டு, மார்க் கோப்பில் எழுதியிருக்கும். முதல் மெனுவில் சீட்டைக் கொடுத்துத் தொடங்கும் வசதி இருக்கிறது. அதே பதிப்பில் அதே எண்ணைக் கொடுத்தால் அதே கோட்டை கிடைக்கும். நான்காம் தளத்து ஓகர் எங்கே நிற்கிறான் என்று தெரிந்த நிலையில் அவனை வேறு வழியில் எதிர்கொண்டு பார்ப்பது நல்ல பயிற்சி. வெற்றியாக அதை எண்ண மாட்டேன், பயிற்சியாகத் தாராளமாகச் செய்யலாம்.

முதல் ரூன் எடுத்துட்டேன்! அடுத்து என்ன?

வாழ்த்துகள், மனதாரச் சொல்கிறேன். அந்த இடம்வரை வருவதற்கே பலருக்கு மாதக்கணக்காகும். கேமில் மொத்தம் 15 ரூன்கள், கோளம் இருக்கும் ஸாட்டின் உலகத்துக்குள் நுழைய மூன்று போதும். ஒரு ரூன் கையில் இருந்தால் 'வால்ட்ஸ்' கதவு திறக்கும். லேரின் இன்னொரு கிளையில் இரண்டாவதை எடுத்துவிட்டு, வால்ட்ஸின் முதல் நான்கு தளங்களைப் பாருங்கள். அதன் ஐந்தாவது தளத்தில் இறங்கியதுமே நாலாபுறமும் காவலர்கள் சூழ்வார்கள், அங்கே மூன்றாவது ரூன். 15-ஆம் தளத்துக்குக் கீழே உள்ள 'டெப்த்ஸ்' பகுதியை முடித்துப் பலம் சேர்த்த பிறகு அதற்கு வாருங்கள்.

ஸாட்டின் உலகம் ஐந்து தளம், கோளம் கடைசியில். அதைக் கையில் எடுத்ததும் ஆட்டம் முடியாது. முதல் தளத்தின் வாசல்வரை எல்லாத் தளங்களையும் ஏறி வர வேண்டும், வழியெல்லாம் புதிய எதிரிகள் முளைப்பார்கள். இந்த ஏற்றத்துக்கென்று வேகம் தரும் போஷனும் பிளிங்கிங் ஸ்க்ரோலும் சிலவற்றை ஒதுக்கி வையுங்கள். சேர்த்து வைக்காதீர்கள் என்று மேலே சொன்னதற்கு விதிவிலக்கு இது ஒன்றுதான்.